கப்பாலா படிக்க ஆசை, எங்க ஆரம்பிக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 29 வயசு, ஐடி வேலை. யூதர்களோட மறைஞான மரபு கப்பாலா பத்தி ஒரு வீடியோ பார்த்ததுல இருந்து மனசு அதுலயே இருக்கு. அதோட முக்கிய நூலான ஸோஹர் இங்கிலீஷ் மொழிபெயர்ப்போட முதல் வால்யூம் வாங்கிட்டேன். மூணு வாரமாச்சு, பத்து பக்கம் தாண்டல. முள்ளுக்கு நடுவுல ரோஜா, அதுக்கு பதிமூணு இதழ்னு ஆரம்பிக்குது, ஒண்ணும் பிடிபடல. எனக்கு அறிவு பத்தலையா?
– வாசகி, மதுரை

பதில்: அறிவுக்கு ஒரு குறையும் இல்லைங்க, நீங்க நுழைஞ்ச வாசல்தான் வேற. நானும் அந்த ரோஜா கிட்டதான் முட்டிக்கிட்டு நின்னேன், அதனால அதை வச்சே சொல்றேன்.

ஸோஹர் 13ஆம் நூற்றாண்டு கடைசியில ஸ்பெயின்ல, காஸ்டில் பக்கம் அரமேய மொழியில வெளிய வந்த நூல். 2ஆம் நூற்றாண்டு ரப்பி (யூத மத குரு) ஷிமோன் பார் யோஹாய் பேரைத் தாங்கி வந்தாலும், பெரும்பகுதி மோசே தெ லியோனும் அவரோட வட்டமும் எழுதினதுன்னுதான் ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் சொல்றாங்க. அதைப் படிக்கிறவங்களுக்கு தோரா, அதாவது ஆதியாகமத்துல தொடங்குற பைபிளோட முதல் அஞ்சு புத்தகம், மனப்பாடமா தெரியும்னு நினைச்சுக்கிட்டே எழுதியிருக்காங்க, அதான் விஷயம். அந்தப் பதிமூணு இதழ் எங்கிருந்து வந்துச்சு தெரியுமா, ஆதியாகமம் ஆரம்பத்துல "எலோஹிம்" அதாவது தேவன்ங்கிற சொல் முதல் தடவை வருது இல்லையா, அதுக்கும் ரெண்டாவது தடவை "தேவ ஆவி" அசைவாடினார்னு வர்ற இடத்துக்கும் நடுவுல எபிரேயத்துல எண்ணிப் பார்த்தா சரியா பதிமூணு சொல். ஏத், ஹஷாமயிம், வெஏத், ஹாஆரெட்ஸ்னு ஒவ்வொண்ணா விரல் விட்டு எண்ணினப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. அந்தப் பதிமூணும் கடவுளோட பதிமூணு இரக்க குணங்கள், அதுதான் ரோஜாவைச் சுத்திக் காவலா நிக்கிற இதழ். ஆதியாகமம் கையில இல்லாம இதை எப்படிப் புரிஞ்சுக்க முடியும்? அதனால ஸோஹரை அலமாரியில வைங்க, பத்திரமா இருக்கட்டும், ஒரு வருஷம் கழிச்சு எடுக்கலாம்.

முதல் வேலை எபிரேய எழுத்து. மொத்தம் 22 தான், நம்ம 247ஓட வளர்ந்தவங்களுக்கு இது ஒரு பாரமே இல்ல. தினம் இருபது நிமிஷம், ஒரு கோடு போட்ட நோட்டு, வலமிருந்து இடமா கையால எழுதுங்க, ஃபோன்ல பார்த்துட்டு மட்டும் விட்டுடாதீங்க. தாலெத், ரேஷ்னு ரெண்டு எழுத்து இருக்கு, ரெண்டுக்கும் வித்தியாசம் மேல் மூலையில லேசா நீட்டிக்கிட்டு நிக்கிற ஒரு சின்ன முனைதான். யூதர்கள் தினமும் காலையும் ராத்திரியும் சொல்ற ஷெமா ஜெபத்தோட முதல் வசனம் "எஹாத்", கடவுள் ஒருவர்னு முடியும், அங்க தாலெத்தை ரேஷா எழுதிட்டா "அஹேர்", வேறொருவர்னு ஆயிடும். அந்தக் குழப்பம் வரவே கூடாதுன்னு தோரா சுருள்ல அந்த தாலெத்தைப் பெருசா எழுதுவாங்க. ஒரு முனையில இவ்வளவு இருக்குன்னு கையால எழுதும்போதுதான் உறைக்கும். கப்பாலாவோட மிகப் பழைய சின்ன நூல் செஃபேர் யெட்ஸிரா, அது உலகமே பத்து செஃபிரோத்தாலயும் (அது என்னன்னு அடுத்து சொல்றேன்) இந்த 22 எழுத்தாலயும் உண்டாச்சுன்னு சொல்லுது, அப்போ எழுத்தைத் தெரிஞ்சுக்காம மேல போறது எப்படி?

அடுத்தது செஃபிரோத். கூகுள்ல தேடினா பத்து வட்டமும் கோடுமா ஒரு மரப் படம் வரும், எல்லாரும் அதை வால்பேப்பரா வச்சுட்டு புரிஞ்சுடுச்சுன்னு நினைச்சுக்கறாங்க. அதை விட்டுட்டு நம்ம தமிழ் பைபிளை எடுத்து 1 நாளாகமம் 29:11 திறங்க. மாட்சிமை, வல்லமை, மகிமை, ஜெயம், மகத்துவம்னு தாவீது ராஜா வரிசையா சொல்லிட்டு, வானத்திலும் பூமியிலும் உள்ளது எல்லாம்னு சொல்லிட்டு, ராஜ்யமும் உம்முடையதுன்னு முடிப்பார். அதையே எபிரேயத்துல சொன்னா கெதுலா, கெவூரா, திஃபெரெத், நெட்ஸாஹ், ஹோத், அப்புறம் அந்த "எல்லாம்"ங்கிறது யெசோத், கடைசி ராஜ்யம் மல்குத். கெதுலாவுக்கு இன்னொரு பேர்தான் ஹெசெத், அன்பு. பத்துல கீழ உள்ள ஏழும் அந்த ஒரே வசனத்துல அதே வரிசையில உக்காந்திருக்கு, கப்பாலா ஆட்கள் எடுத்ததும் அங்கிருந்துதான். மேல மூணு, கெத்தெர், ஹொக்மா, பினா. அதாவது கிரீடம், ஞானம், விவேகம். இது பத்து தனித்தனி சாமி இல்ல, ஒரே கடவுள் தன்னை வெளிப்படுத்துற பத்து விதம். இதைத் தப்பா புரிஞ்சா மொத்தமும் தப்பாயிடும்.

மூணாவது, புத்தகம்னு ஒண்ணு வாங்கணும்னா மோசே கொர்தொவேரோவோட "தோமேர் தெவோரா" வாங்குங்க. இப்போ இஸ்ரேல்ல இருக்கிற சஃபேத் ஊர்ல வாழ்ந்தவர், 1522ல பிறந்து 1570ல மறைஞ்சார், இந்த நூல் 1588ல வெனிஸ்ல அச்சாச்சு. ரொம்பச் சின்னது, இங்கிலீஷ்ல சுலபமா கிடைக்கும். மீகா 7ஆம் அதிகாரம் கடைசி மூணு வசனத்தை, "தேவரீருக்கு ஒப்பான தேவன் யார்"னு வருமே அதை, பதிமூணு துண்டா பிரிச்சு ஒவ்வொண்ணையும் மனுஷன் எப்படி வாழ்ந்து காட்டணும்னு சொல்றார், உங்க ரோஜா இதழ் மறுபடி வருது பாருங்க. முதல் குணத்துக்கு அவர் சொல்றது என்னன்னா, ஒருத்தன் பாவம் பண்ண கையைத் தூக்குற அந்த நொடியிலகூட அந்தக் கைக்கு பலம் கொடுக்கிறது கடவுள்தான், பலத்தை நிறுத்தினா கை அப்படியே மரத்துப் போயிடும், ஆனா நிறுத்த மாட்டார், அவமானத்தைத் தாங்கிக்கிட்டு கொடுத்துக்கிட்டே இருப்பார், நீயும் உன்னை அவமதிக்கிறவனுக்கு செய்ற நல்லதை நிறுத்தாதேன்னு. நான் இதைப் படிச்ச வாரம் என்கூடப் பேசாம இருந்த ஒரு சொந்தக்காரருக்கு மாசாமாசம் பண்ணிக்கிட்டிருந்த ஒரு உதவியை நிறுத்திடலாம்னு இருந்தேன். நிறுத்தல. வாரத்துக்கு ஒரு குணம்னு வச்சீங்கன்னா பதிமூணு வாரம், அவசரப்படாதீங்க.

கேள்வி: கப்பாலாவுக்கும் நம்ம கபாலீஸ்வரர், கபாலம் இதுக்கெல்லாம் தொடர்பு உண்டா?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: இல்லைங்க, ஒலி மட்டும்தான் ஒண்ணு. எபிரேயத்துல வாங்கிக்கிறது, பெற்றுக்கொள்றதுன்னு அர்த்தம் வர்ற வேர்ச்சொல் அது. குருகிட்ட இருந்து வாங்கினதுதான் கப்பாலா.

கேள்வி: 40 வயசு ஆகாம தொடக்கூடாது, பைத்தியம் பிடிக்கும்னு பயமுறுத்துறாங்க. உண்மையா?
– வாசகர், கோவை

பதில்: அந்த எச்சரிக்கைக்குப் பின்னாடி ஒரு வலி இருக்கு, அதைத் தெரிஞ்சுக்கிட்டா பயம் தானா போயிடும். 1665, 66ல ஷப்தாய் ஸ்வின்னு ஒருத்தர் நான்தான் மெசியா, யூதர்கள் காத்திருக்கிற ரட்சகர்னு கிளம்பினார், கப்பாலா பேரைச் சொல்லி பல நாட்டு யூதர்கள் நம்பினாங்க, கடைசியில துருக்கி சுல்தான் முன்னாடி இஸ்லாமுக்கு மாறிட்டார். அடுத்த நூற்றாண்டுல யாக்கோப் ஃபிராங்க்னு இன்னொருத்தர். அந்தக் காயத்துலதான் 1756ல ப்ரோடி நகர்ல ரப்பிகள் கூடி 30 வயசுக்கு முன்னாடி ஸோஹர் வேண்டாம், 40க்கு முன்னாடி சஃபேத் கப்பாலா குரு லூரியாவோட போதனைகள் வேண்டாம்னு தடை போட்டாங்க. அந்த ஐசக் லூரியாவே 38 வயசுல கொள்ளைநோய்ல போயிட்டார்! கொர்தொவேரோ தன்னோட பெரிய நூலை 30க்குள்ள எழுதி முடிச்சவர். தல்மூதுல, அதாவது ரப்பிகளோட பழைய விளக்கத் தொகுப்புல, இன்னும் பழைய கதை ஒண்ணு, நாலு பேர் தோட்டத்துக்குள்ள போனாங்க, ஒருத்தர் பார்த்தார் செத்தார், ஒருத்தர் பார்த்து மனசு கலங்கினார், ஒருத்தர் செடியை வெட்டினார், ரப்பி அகிவா மட்டும் நிம்மதியா போய் நிம்மதியா வந்தார். வயசைப் பத்தி அதுல பேச்சே இல்ல. தூக்கம், சாப்பாடு, வேலை, குடும்பம் ஒழுங்கா இருக்கிறவங்க மெதுவா படிச்சா ஒண்ணும் ஆகாது. மனசு ஏற்கனவே கொந்தளிச்சுக்கிட்டு இருக்கிற காலமா இருந்தா இப்போதைக்குத் தள்ளிப் போடுங்க, முதல்ல டாக்டரைப் பாருங்க, இதை நான் அக்கறையோடதான் சொல்றேன்.

கேள்வி: சிவப்புக் கயிறு கட்டினா, பேரோட எண்ணைக் கூட்டினா பணம் வரும்னு ஆன்லைன் கோர்ஸ் நடத்துறாங்க. சேரலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: சேராதீங்க. நானும் ஒரு இடத்துல காசு கட்டி ஏமாந்தவதான், ஆறு வகுப்புல ஒரு வரி மூலநூல் கூட திறக்கல. எண்ணுக்கு கப்பாலாவுல இடம் உண்டு, கெமாத்ரியான்னு பேரு, ஆனா அது வேற உலகம். எஹாத், ஒண்ணு, எழுத்து மதிப்பு 1, 8, 4 கூட்டினா 13. அஹவா, அன்பு, 1, 5, 2, 5 அதுவும் 13. ரெண்டையும் சேர்த்தா 26, அது கடவுளோட நாலெழுத்துப் பேருக்கு வர்ற எண். இதுல லாட்டரிக்கு என்ன வேலை? இது உக்காந்து தியானிக்க வேண்டிய விஷயம்.

கேள்வி: யூதர் அல்லாதவங்க படிக்கலாமா? குரு இல்லாம முடியுமா? பக்கத்துல போய்ப் பார்க்க ஏதாவது இடம் இருக்கா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: யூத ஆசிரியர்கள் மத்தியிலேயே இதுல கருத்து வேற வேற. வெளிய நின்னு மரியாதையா படிக்கிறதை யாரும் தடுக்க முடியாது, கெர்ஷோம் ஷோலெம் மாதிரி வரலாற்று ஆசிரியர்கள் எழுதினதெல்லாம் எல்லாருக்கும் பொதுவாத்தான் கிடைக்குது. ஆனா இது ஒரு ஜனத்தோட உயிருள்ள ஜெபம், அவங்க மந்திர நாமங்களை எடுத்து நாமா சடங்கு பண்றது தப்புன்னு நான் உறுதியா நினைக்கிறேன். குரு விஷயத்துல, லூரியா தன் கையால எழுதினது ரொம்பக் கொஞ்சம், சஃபேத்ல ரெண்டு வருஷம் வாயால சொன்னதை ஹயிம் விட்டால் எழுதி வச்சதாலதான் நமக்கு வந்துச்சு. அதனால நான் சொன்ன முதல் வருஷப் பாடத்தைத் தனியா படிங்க, ஸோஹர் வரும்போது கூட உக்காந்து படிக்க ஒருத்தராவது தேடுங்க.

இடம் கேட்டீங்களே, நாகர்கோவில்ல இருந்து ரயில்ல ஏறினா கொச்சிதான். மட்டாஞ்சேரி பரதேசி சினகாக் (யூதர் ஜெப ஆலயம்) 1568ல கட்டினது, அப்போ சஃபேத்ல கொர்தொவேரோ உயிரோட இருக்கார். அவர் மச்சான் ஷ்லோமோ அல்கபெட்ஸ் எழுதின "லெகா தோதி" பாட்டைத்தான் இன்னைக்கும் உலகம் பூரா வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓய்வுநாளை மணப்பெண்ணா வரவேற்றுப் பாடுறாங்க. போனா சினகாக்கோட திரும்பிடாதீங்க, மட்டாஞ்சேரியிலேயே நெஹெமியா மோத்தாவோட கல்லறை எங்கன்னு கேளுங்க, 1615ல மறைஞ்சவர், கல்வெட்டுலயே அவரைப் புகழ்பெற்ற கப்பாலா அறிஞர்னு எழுதியிருக்கு. அந்தக் கல்லுக்கு யூதர், இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர்னு எல்லாருமே மெழுகுவத்தி ஏத்துவாங்க. எழுத்து ஒரு மாசம் பழகிட்டுப் போங்க, அந்தக் கல்வெட்டுல தாலெத் எது ரேஷ் எதுன்னு நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க.