ஓஸ், நாசில், கிளிப்: வீட்டில் கார் கழுவுபவர்களுக்கான கேள்வி பதில்

இருபத்திரண்டு வருடமாக பைப், ஃபிட்டிங்ஸ் கடை வைத்திருக்கிறேன். கார் கழுவும் ஓஸ், நாசில் பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையில் பதில் சொல்கிறேன்.

சேலத்திலிருந்து: அண்ணே, ஆன்லைனில் ஏழு விதமாகத் தண்ணீர் அடிக்கும் துப்பாக்கி நாசில் வாங்கினேன். விளம்பரத்தில் சீறிப் பாய்கிறது, என் வீட்டில் பூவாளி மாதிரி வழிகிறது. டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் இல்லை தம்பி. உங்கள் மொட்டை மாடித் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால்தான் கீழே சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஒரு மாடி வீடு, மேலே தொட்டி என்றால் 7 மீட்டர் இருக்கும், அதாவது 0.7 பார். விளம்பரத்தில் காட்டும் சீற்றத்துக்கு 3 பார் வேண்டும். தொட்டியைப் பத்து மாடி உயரத்தில் தூக்கி வைத்தால் அது வரும்.

எதை வாங்குவதற்கு முன்பும் ஒரு வேலை செய்யுங்கள். போர்டிகோ குழாயில் ஓஸை மாட்டி, நாசில் இல்லாமல், 15 லிட்டர் வாளி எத்தனை நொடியில் நிறைகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் நாசில் வாங்கலாம். ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்பாலும் தொட்டியிலிருந்து அரை இன்ச் லைன் இறக்கி, நாலைந்து எல்போ (வளைவு) போட்டு, கடைசியில் ஒரு மலிவு வால்வு வைத்திருப்பார்கள். தொட்டியிலிருந்து போர்டிகோவுக்குத் தனியாக முக்கால் இன்ச் லைன் ஒன்று இறக்கி, முழுத் துளை உள்ள, அதாவது திறந்தால் பைப் அளவுக்கே வழி விடும் பால் வால்வு (ball valve) வையுங்கள். நாசிலுக்குச் செலவழிப்பதைவிட இது பலன் தரும்.

அழுத்தம் குறைந்த வீட்டுக்கு ஏழு வித துப்பாக்கி வேண்டாம். உள்ளே ஸ்பிரிங் வால்வு, சின்னச் சின்னத் துளைகள் என்று தண்ணீர் திணறித்தான் வெளியே வரும். முன்பக்கத்தைத் திருகினால் பாய்ச்சலும் தூவலும் மாறுகிற நேர் பித்தளை நாசில் போதும்.

மதுரையிலிருந்து: எந்த பிராண்டு நல்லது சார்?

வாளி வைத்து அளந்துவிட்டுக் கேளுங்கள்.

சிவகாசியிலிருந்து: அமெரிக்காவிலிருந்து மச்சான் பித்தளை நாசில் கொண்டு வந்தார். முக்கால் இன்ச் என்றுதான் போட்டிருக்கிறது. நம்ம குழாய் முனையில் இருக்கும் முக்கால் இன்ச் நிப்பிளில் (மரை போட்ட சின்ன இணைப்புத் துண்டு) ஒன்றரைச் சுற்று ஏறி நின்றுவிடுகிறது. டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கலாமா?

இறுக்காதீர்கள். இரண்டும் முக்கால் இன்ச்தான், மரை வேறு. நம் ஊர்க் குழாய்களில் இருப்பது பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் அளவு மரை, முக்கால் இன்ச்சில் ஒரு அங்குலத்துக்கு 14 மரை. அமெரிக்கத் தோட்ட ஓஸில் பதினொன்றரை. முதல் சுற்று ஆசை காட்டும், அடுத்ததில் கடித்துக்கொள்ளும். ஸ்பேனர் போட்டு இறுக்கியவர்கள் மரை சிதைந்த நிப்பிளைக் காகிதத்தில் சுற்றி என் கடைக்குக் கொண்டுவருவார்கள். இரண்டு மரையையும் இணைக்கும் அடாப்டர் விற்கிறது. வாங்கும்போது உள்ளே ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். ஓஸ் மரையில் கசிவை நிறுத்துவது டெஃப்லான் இல்லை, அந்த வாஷர்தான்.

விழுப்புரத்திலிருந்து: ஓஸை குழாயில் கட்டுக்கம்பி வைத்து முறுக்கியிருக்கிறேன். போதுமா அண்ணே?

போதாது. கம்பி இரண்டு மாதத்தில் ஓஸை அறுத்துவிடும். ஓஸ் முனையைச் சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் வைத்து, இளகியதும் நிப்பிளில் கடைசி வரை தள்ளி, ஸ்குரூ கிளிப் போட்டு இறுக்குங்கள்.

இதோடு ஒரு எச்சரிக்கை. நாசிலை மூடிவிட்டு, குழாயைத் திறந்தபடி விட்டுப் போகாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அப்படித்தான் இட்லி சாப்பிடப் போனேன். வெயிலில் ஓஸ் இளகி நிப்பிளிலிருந்து கழன்றுவிட்டது. பேப்பரும் படித்து முடித்து வந்து பார்த்தால் 1000 லிட்டர் தொட்டி காலி, பக்கத்து வீட்டுக் கோலம் போன இடம் தெரியவில்லை. பிளம்பிங் கடைக்காரன் வீட்டிலேயே இந்த லட்சணம்.

கோவையிலிருந்து: நாசிலால் அழுத்தம் அதிகமாகாது என்கிறீர்கள். ஓஸ் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் வேகமாகப் பாய்கிறதே, அது எப்படி?

அப்படி நான் சொல்லவில்லையே. சரி, இதற்குள் திருச்சியிலிருந்து ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர், “அழுத்தம் தொட்டி உயரத்தைப் பொறுத்தது, விரல் அதை எப்படி மாற்றும்?” என்று எழுதிவிட்டார். கோவைக்காரர் விடவில்லை. “நீங்கள் கார் கழுவியதே இல்லை சார்” என்கிறார். இன்னும் பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள்.

இரண்டு பேர் சொல்வதும் சரி. ஓஸை மூடி வைத்தால் தண்ணீர் அசையாமல் நிற்கும், முனையில் 0.7 பார் முழுவதும் இருக்கும். திறந்துவிட்டால் எல்போ, வால்வு, 20 மீட்டர் ஓஸ் எல்லாம் உரசி உரசி அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். விரலால் பாதி அடைத்தால் ஓட்டம் குறையும், உரசலும் குறையும், மிச்ச அழுத்தம் விரல் வரை வந்து சேரும். வேகம் கூடுவது அதனால்தான். ஆனால் 7 மீட்டர் தொட்டிக்கு நொடிக்கு சுமார் 12 மீட்டர் வேகம்தான் உச்சம். எந்த நாசிலும் அதற்கு மேல் தராது, ஆசிரியர் சொல்வது அதைத்தான். கோவை சார், விரலை வைத்தும் எடுத்தும் வாளியை நிரப்பிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: அரை இன்ச் ஓஸா, முக்கால் இன்ச்சா?

தொட்டித் தண்ணீர் என்றால் முக்கால். ஓஸுக்குள் நடக்கும் உரசலை மட்டும் கணக்கிட்டால் அரை இன்ச்சைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தண்ணீர் போகும். ஆனால் முக்கால் ஓஸ் வாங்கி, நுனியில் சுண்டுவிரல்கூட நுழையாத துளை உள்ள குயிக் கனெக்டரை மாட்டினால் வாங்கியது வீண்.

தஞ்சாவூரிலிருந்து: நாசில் துளையெல்லாம் வெள்ளை படிந்து அடைத்துவிட்டது. போர்த் தண்ணீர்தான் அண்ணா.

உப்புப் படிவம்தான் அம்மா. பித்தளையாக இருந்தால் புளிக்கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து பழைய டூத் பிரஷால் தேயுங்கள், குத்துவிளக்கு மாதிரி வந்துவிடும். பித்தளை நிறம் பூசிய ஜிங்க் என்றால் பூச்சு போய்விடும். அடிப்பக்கம் அரத்தால் லேசாகத் தேய்த்துப் பார்த்தால் தெரியும். உள்ளேயும் மஞ்சளாக இருந்தால்தான் பித்தளை. அந்தத் தண்ணீரில் வெயிலில் கார் கழுவாதீர்கள். சூடான பானெட்டில் துளி காய்ந்தால் திட்டு விழும்.

ஈரோட்டிலிருந்து: எந்த பிராண்டு வாங்கலாம்?

மதுரைக்காரருக்குச் சொன்னதுதான்.

பெங்களூரிலிருந்து: இங்கே அபராதம் போடுகிறார்களாமே?

2024 மார்ச்சில் தட்டுப்பாடு வந்தபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. இப்போதைய நிலையை அங்கேயே கேளுங்கள்.

சென்னையிலிருந்து: ஃபோம் கன் மாட்டினால் நுரை வருமா?

தொட்டி அழுத்தத்தில் சோப்புத் தண்ணீர்தான் வரும். கெட்டி நுரைக்கு பிரஷர் வாஷர் வேண்டும். லாரித் தண்ணீர் வாங்குகிற வீடு என்றால் இரண்டு வாளியும் ஒரு மைக்ரோஃபைபர் துணியும் போதும்.

வேலூரிலிருந்து: பிரஷர் பம்ப் வைத்திருக்கிறேன், 2 பார் வருகிறது. வேறு என்ன கவனிக்க வேண்டும்?

உங்களுக்குத் துப்பாக்கி நாசில் நன்றாக வேலை செய்யும். இரண்டு முனையிலும் கிளிப் போடுங்கள், நூல் பின்னல் உள்ள ஓஸாக வாங்குங்கள். நாசிலை மூடிவிட்டுக் குழாயைத் திறந்தபடி விட்டுப் போகாதீர்கள். ஆமாம், மறுபடியும்தான் சொல்கிறேன். உங்கள் ஓஸ் கழன்றால் பம்ப் தொட்டியைக் காலி செய்துவிட்டு வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும்.

கோவையிலிருந்து மறுபடியும்: அளந்தேன். விரல் இல்லாமல் 50 நொடி, விரல் வைத்தால் 1 நிமிடம் 40 நொடி. தண்ணீர் பாதியாகக் குறைகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சக்கரத்துச் சேறு விரல் வைத்தால்தான் போகிறது.

திருகு நாசிலே வாங்கிக்கொள்ளுங்கள், விரலாவது காயும். திருச்சி சாருக்கும் இந்தக் கணக்கை அனுப்பிவிட்டேன்.

காஞ்சிபுரத்திலிருந்து: சார், நல்ல பிராண்டு ஒன்று சொல்லுங்கள்.

வாளி.