க்னோமிலிருந்து ஓப்பன்பாக்ஸுக்கு: கழன்று விழும் வேலைகளை யார் பார்ப்பது?

டெபியன் 12 லினக்ஸ் ஓடும் லேப்டாப்பில், முழு டெஸ்க்டாப் சூழலான க்னோமை விட்டு, ஜன்னல்களை மட்டும் கையாளும் ஓப்பன்பாக்ஸ் விண்டோ மேனேஜருக்கு மாறுவோரின் கேள்விகளும் பதில்களும்.

கே: 4 ஜிபி ரேம்தான் இருக்கிறது. மாறினால் வேகம் கூடுமா?

ப: சில நூறு எம்பி ரேம் மிச்சமாகும், அவ்வளவுதான். பத்து டேப் திறந்த பிரவுசர் அதை ஒரே வாயில் விழுங்கிவிடும். லாகின் ஆனதும் டெர்மினலில் ஃப்ரீ கட்டளை கொடுத்து ‘அவெய்லபிள்’ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாறிய பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னும் ஹார்ட் டிஸ்க்கில்தான் ஓடுகிறது என்றால் முதல் செலவு எஸ்எஸ்டிக்கு. விண்டோ மேனேஜர் அப்புறம்.

கே: முதலில் க்னோமை நீக்கிவிடலாமா?

ப: கூடாது. அதை நீக்கி, தேவையற்றதாகிவிட்ட பேக்கேஜ்களை அகற்றும் ஆட்டோரிமூவும் கொடுத்தால், நெட்வொர்க் மேனேஜர் போன்ற துணைப் பேக்கேஜ்களும் சேர்ந்து போகக்கூடும். வைஃபை இல்லாமல் அதைத் திரும்ப நிறுவுவது பெரும்பாடு. க்னோம் இருக்கட்டும், டிஸ்க்கில் இடம்தானே பிடிக்கிறது. ஓப்பன்பாக்ஸ், டின்ட்2 (பேனல்), எல்எக்ஸ்போல்கிட் (பாஸ்வேர்டு பெட்டி), டன்ஸ்ட் (அறிவிப்புகள்), எஃப்இஎச் (வால்பேப்பர்), பிக்காம் (காம்போசிட்டர்) ஆகியவற்றை நிறுவுங்கள். லாகின் திரையில் உங்கள் பெயரைத் தட்டியதும் கீழ் மூலையில் பல்சக்கரம் தெரியும். அதில் ஓப்பன்பாக்ஸைத் தேர்ந்தெடுங்கள். பிடிக்காவிட்டால் அதே இடத்தில் திரும்பிவிடலாம்.

கே: லாகின் ஆனால் வெறும் சாம்பல் திரை. ஏதாவது உடைந்துவிட்டதா?

ப: இல்லை, ஓப்பன்பாக்ஸ் அப்படித்தான் இருக்கும். வலது கிளிக் செய்தால் மெனு வரும். பேனல், வால்பேப்பர், வைஃபை ஐகான் எல்லாம் க்னோம் செய்துகொண்டிருந்த வேலைகள். இனி ஒவ்வொன்றுக்கும் நீங்களே ஆள் போட வேண்டும். ஈடிசி ஃபோல்டருக்குள் எக்ஸ்டிஜி, அதற்குள் ஓப்பன்பாக்ஸ் என்ற ஃபோல்டரில் நான்கு ஃபைல்கள் இருக்கும். அவற்றை உங்கள் ஹோமில் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரில் ஓப்பன்பாக்ஸ் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதில் நகலெடுங்கள். அவற்றுள் ‘ஆட்டோஸ்டார்ட்’ என்ற ஃபைலில் பேனல், நெட்வொர்க் ஆப்லெட், வால்பேப்பர் கட்டளைகளை வரிக்கு ஒன்றாக எழுதுங்கள்.

கே: எழுதினேன். பேனல் வந்தது, அதற்குக் கீழே எழுதிய எதுவும் வரவில்லை.

ப: வரிக் கடைசியில் & குறியை விட்டிருப்பீர்கள். அந்த ஃபைல் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். & இல்லாவிட்டால் முதல் புரோகிராம் மூடப்படும்வரை ஷெல் அடுத்த வரிக்கு நகராது; பேனலோ மூடப்படுவதே இல்லை. லாகின் திரை வழியாக அல்லாமல் ஸ்டார்ட்எக்ஸ் கட்டளை மூலம் துவக்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ‘ஓப்பன்பாக்ஸ்’ என்று மட்டும் கொடுத்தால் ஆட்டோஸ்டார்ட் படிக்கப்படாது, ‘ஓப்பன்பாக்ஸ்-செஷன்’ என்றே கொடுக்க வேண்டும்.

கே: டிஸ்க்கைப் பிரிக்கும் ஜிபார்ட்டெட் திறக்கவே மாட்டேன் என்கிறது.

ப: அதற்கு நிர்வாகி அனுமதி வேண்டும்; பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியைக் காட்ட ஒரு போல்கிட் ஏஜென்ட் ஓட வேண்டும். க்னோமில் அது க்னோம் ஷெல்லுக்குள்ளேயே இருக்கிறது. இங்கே எல்எக்ஸ்போல்கிட்டை ஆட்டோஸ்டார்ட்டில் சேருங்கள். மாறியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான்; மெனுவிலிருந்து திறக்கும்போது பிழைச் செய்தியே வராது என்பதால் காரணம் பிடிபடாது.

கே: தமிழ் தட்டச்சு நின்றுபோனது. தமிழ்99 வேண்டும்.

ப: தட்டச்சு மொழிகளைக் கையாளும் ஐபஸை க்னோம் தானே துவக்கிவிடும், ஓப்பன்பாக்ஸ் துவக்காது. தமிழ்99-ஐத் தரும் ஐபஸ்-எம்17என் பேக்கேஜ் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஐஎம்-கான்ஃபிக்கைத் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக்அவுட் ஆகித் திரும்ப வாருங்கள். ஐபஸ் அமைப்பில் தமிழ்99-ஐச் சேர்த்ததும் சூப்பர்+ஸ்பேஸ் (சூப்பர் என்பது விண்டோஸ் லோகோ விசை) மொழியை மாற்றும். ஐ3 என்ற இன்னொரு விண்டோ மேனேஜரில் சூப்பரை மாட் விசையாக (அதன் ஷார்ட்கட்களின் முதன்மை விசை) வைத்திருப்பவர்களுக்கு இது மோதும்; அங்கே மாட்+ஸ்பேஸுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. இரண்டில் ஒன்றை மாற்றுங்கள்.

கே: ஓப்பன்பாக்ஸின் அமைப்புகள் உள்ள ஆர்சி எக்ஸ்எம்எல் ஃபைலில் ஷார்ட்கட் சேர்த்தேன், சின்டாக்ஸ் பிழை என்கிறது.

ப: எங்கோ ஒரு டேகை மூடவில்லை. கட்டளைக்குள் & வந்தாலும் இதே கதிதான்; ஆட்டோஸ்டார்ட்டில் கட்டாயமான குறி இங்கே பிழை. பிழை கண்டுபிடிக்கும் எக்ஸ்எம்எல்லின்ட் கட்டளையில் சோதித்தால் வரி எண்ணைச் சொல்லிவிடும். திருத்தியதும் மெனுவில் ரீகான்ஃபிகர் கொடுங்கள், லாக்அவுட் வேண்டாம். கை வைக்குமுன் ஒரு நகல் எடுத்து வைப்பது நல்லது.

கே: வீடியோ ஓடும்போது படம் குறுக்கே கிழிகிறது.

ப: ஓப்பன்பாக்ஸில் காம்போசிட்டர் (ஜன்னல்களை ஒன்றாகச் சேர்த்துத் திரையில் வரையும் புரோகிராம்) கிடையாது. பிக்காமை ஜிஎல்எக்ஸ் பேக்எண்டுடன், விசிங்க் (திரையின் புதுப்பிப்போடு படத்தை ஒத்திசைப்பது) இயக்கி ஓட்டுங்கள்.

கே: எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த புதிய திரை அமைப்பான வேலண்டில் ஓப்பன்பாக்ஸ் ஓடுமா?

ப: ஓடாது, இது பழைய திரை அமைப்பான எக்ஸ்11-க்கு மட்டும். இதன் 3.6.1 பதிப்பு வந்தது 2015-இல். வேலண்டில் இதே பழக்கம் வேண்டுமென்றால் லேப்டபிள்யூசி என்ற காம்போசிட்டர் இருக்கிறது. ராஸ்பெரி பை ஓஎஸ் 2024 அக்டோபரில் அதற்குத்தான் மாறியது. ஓப்பன்பாக்ஸ் தீம்களை அது படிக்கும். டின்ட்2-க்குப் பதில் வேபார், எஃப்இஎச்சுக்குப் பதில் ஸ்வேபிஜி போட வேண்டியிருக்கும். பிக்காம் தேவையே இல்லை.