குரல் போன பிறகும் வாதாடிய வக்கீல்

ஏடி பார்க்கன் யார், அமெரிக்காவில் ஏன் அவரை நினைவுகூர்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். 2016இல், மகன் பிறந்த நான்காம் மாதம், தனக்கு ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் இருப்பது பார்க்கனுக்குத் தெரிந்தது. ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்த அதே நோய். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சாகச் சாக கை, கால், நாக்கு எல்லாம் ஓய்ந்துபோகும்.

2017 டிசம்பரில் விமானத்தில் செனட்டர் ஜெஃப் ஃப்ளேக்கைப் பார்த்ததும், மருத்துவ உதவிக்கான அரசு நிதி குறைந்துவிடும் என்று சொல்லி, வரி மசோதாவை எதிர்க்கும்படி வாதாடினார். காணொளி நாடெங்கும் பரவியது. (ஃப்ளேக் என்னவோ ஆதரித்துத்தான் வாக்களித்தார்!)

2019இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் குழு ஒன்றின் முன் சாட்சி சொன்னபோது பேச்சு அநேகமாக நின்றிருந்தது. கண்ணசைவில் அவர் தேர்ந்த எழுத்துகளைக் கணினி வாசித்தது. காப்பீடு இருந்தும் வீட்டுப் பராமரிப்புக்கு மாதம் சுமார் 9,000 டாலர் கைக்காசு போகிறது என்றார். என் பார்வையில் அவருடைய பெரிய வழக்கு அதுதான்.

2023 நவம்பர் 1 அன்று இறந்தார். வயது 39.