பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா?

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் ஐந்தை இந்த முறை எடுத்துக்கொண்டேன். ஐந்துமே ஊராட்சியும் நகராட்சியும் நம்மிடம் கருத்துக் கேட்பதைப் பற்றியவை.

ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்துவிட்டோம். கிராம சபைக்கும் போக வேண்டுமா? (பாம்பன்)

கட்டாயம் போங்கள். ஊர்க்கூட்டத்தின் பலத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வலைத் தகராறும் படகுத் தகராறும் காவல் நிலையம் வரை போகாமல் தீர்வது அங்கேதான். ஆனால் அங்கே எடுத்த முடிவு அரசு அலுவலகக் கோப்புக்குள் தானாகப் போய்ச் சேராது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுக்கும் ஒப்புதல் தரும் வேலையைக் கிராம சபைக்குக் கொடுத்திருக்கிறது. தணிக்கை அறிக்கையும் அதன் முன்னால் வர வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள்தான்.

ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்ததை ஒரு தாளில் தீர்மானமாக எழுதிக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். 'குடிநீர்ப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும்' என்று எழுதினால் எந்த அலுவலரும் அதை வைத்து வேலை செய்ய முடியாது. எந்தத் தெரு, எத்தனை வீடு, காவிரிக் கூட்டுக் குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, புதுக் குழாய் எங்கிருந்து எதுவரை வேண்டும் என்று எழுதுங்கள். அப்படி எழுதிய தாளை ஓரம் தள்ளுவது கஷ்டம்.

கூட்டம் நடக்கும் நாளில் ஆண்கள் கடலில், பெண்கள் கடல்பாசி எடுக்கப் போயிருக்கிறார்கள். என்ன செய்வது? (மண்டபம் ஒன்றியம்)

இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாளாக உறுத்துகிறது. கிராம சபை நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மாநிலம் முழுவதற்கும் ஒரே தேதி. நம் கடலிலோ வாரத்தில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறை இருக்கிறது. பாசி எடுக்கும் பெண்களுக்கு அமாவாசையும் பௌர்ணமியும்தான் காலண்டர்.

மே 1-ஐ விட்டுவிடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் எல்லோரும் கரையில் இருக்கும் ஒரே கிராம சபை அது. வருடத்தின் பெரிய கோரிக்கைகளை அன்றைக்கு வையுங்கள். குறைந்தபட்ச வருகைக் கணக்கும் இருக்கிறது: மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர், அதற்கு மேல் 300 பேர். மற்ற தேதிகளில் நேரத்தை மாற்றித்தரச் சொல்லி ஊராட்சிக்கு முன்கூட்டியே மனு கொடுங்கள். கடலிலிருந்து திரும்பிய பெண் களைப்பு தீர்ந்து வந்து உட்காரும் நேரமாக அது இருக்கட்டும். அவர்கள் வராத கூட்டத்தில் படகுத்துறையைப் பற்றிப் பேச்சு வரும், கரையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததைப் பற்றி வராது.

முதலில் கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்கிறார்கள். இது சரியா? (திருப்புல்லாணி ஒன்றியம்)

சரியே இல்லை. நான் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர், "எழுதுனத வாசிங்க, அப்புறம் கைநாட்டு வைக்கிறேன்" என்றார். வாசித்தபோதுதான் அவர் தெருவின் விளக்குக் கோரிக்கை அதில் இல்லை என்று தெரிந்தது. அங்கேயே எழுதிச் சேர்த்தார்கள். அந்த அம்மா செய்ததை எல்லோரும் செய்யலாம்.

கூட்டம் முடிந்த பின் சந்தேகம் வந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் தீர்மானப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தெரியாமல் வேறு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு.

நாங்கள் நகராட்சி. எங்களுக்குக் கிராம சபை கிடையாதே? (கீழக்கரை)

உங்களுக்குப் பகுதி சபை உண்டு; வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் கூட்டம் அது. வார்டு குழுவும் உண்டு. 2022-இல் இதற்கு விதிகள் வந்தன. உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இரண்டைக் கேளுங்கள்: என் தெரு எந்தப் பகுதி சபையில் வருகிறது, அடுத்த கூட்டம் எப்போது?

எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறு தோண்டப் போவதாகச் செய்தி வந்தது. கருத்துக் கேட்புக் கூட்டம் ஏன் நடக்கவில்லை? (தேவிபட்டினம்)

2020 ஜனவரியில் மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி விதியை மாற்றியது. எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று ஆகிவிட்டது. இது எனக்கு உடன்பாடில்லாத மாற்றம். நிலத்தடி நீர் உவர்ப்பாகிவிடுமோ என்ற பயத்தோடு வாழ்கிற மக்களிடம்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். இப்போதைக்கு உங்கள் எதிர்ப்பை அரசு ஆவணமாக்க உங்களுக்கு இருக்கும் நேரடி வழி கிராம சபைத் தீர்மானம்.

கருத்துக் கேட்பு கட்டாயமாக உள்ள திட்டங்களுக்கு 30 நாள் முன் அறிவிப்பு தர வேண்டும். திட்டச் சுருக்கம் தமிழில் ஆட்சியர் அலுவலகத்தில் கிடைக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இந்தக் கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்று எதுவும் கிடையாது. கோபத்தில் புறக்கணித்தாலும், கூட்டம் நடந்ததாகவே கணக்கு வைக்கலாம். ஆகவே போய்ப் பேசுங்கள், அதையே எழுத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். முடிவில் பதிவான கருத்துகளைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதை வாசிக்கும்வரை யாரும் எழுந்து போகாதீர்கள்.