சிவப்பு மையில் ஒரு கோடு

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு வருடமாகக் குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளராக இருக்கிறேன். குடியிலும் மாத்திரையிலும் சிக்கியவர்களைத் தேடிப்போய்ப் பேசுவது, சம்மதித்தால் சிகிச்சைக்குக் கூட்டிப்போவது, அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது என் வேலை.

மே மாதம், நான் இரண்டு முறை சிகிச்சைக்குச் சேர்த்த பையன் ஒருவன் இறந்துபோனான். இருபத்திரண்டு வயது. அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மக்களே, நீ ஒருத்திதான் அவனுக்க கூட நின்னே" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. மறுநாள் மாத அறிக்கை கொடுக்க வேண்டும். பதிவேட்டில் அவன் பெயர்மேல் சிவப்பு மையில் கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன்.

போன வாரம் வடசேரி பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர் ஒருவர் போதையில் விழுந்து கிடந்தார். ஏழு மாதம் குடிக்காமல் இருந்தவர். நான் பார்க்காததுபோல் தக்கலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ராத்திரி பதினொரு மணிக்கும் போன் வருகிறது, "அக்கா, இவர் கத்தியை எடுத்துட்டார்" என்று. மகள் கதை கேட்டால் எரிந்து விழுகிறேன். வேலையை விட்டுவிடு என்கிறார் கணவர். எனக்கு ஈரம் வற்றிவிட்டதா அக்கா?

அன்புள்ள தங்கைக்கு,

ஈரம் வற்றியவர் அந்தச் சிவப்புக் கோட்டை இத்தனை மாதம் நினைவில் வைத்திருக்க மாட்டார். சாவு வீட்டுக்கும் அறிக்கைக்கும் நடுவே உங்களுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. அன்று அழ வழியில்லாமல் போனதுதான் இன்று மகள்மேல் கோபமாக வருகிறது.

1974இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 'பர்ன் அவுட்', அதாவது வேலையே ஆளை எரித்துத் தீர்த்துவிடுவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில், போதைப் பழக்கம் உள்ளவர்களுக்காகப் பாடுபட்ட ஊழியர்களையும் தன்னையும் பார்த்து எழுதியது அது. உங்கள் வேலையைச் செய்தவர்களிடம்தான் இதைக் கண்டார்கள், தங்கையே. அடியோடு களைத்துப்போவது, மனம் விலகிப்போவது, செய்வதில் பலனில்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றையும் உலக சுகாதார நிறுவனம் இதன் அடையாளங்களாகச் சொல்கிறது. சரிவரக் கையாளப்படாத பணியழுத்தத்தால் வருவது என்றும் சொல்கிறது. கையாள வேண்டிய பொறுப்பு உங்கள் நிறுவனத்துக்கும் உண்டு. வருடத்துக்கு ஒருநாள் யோகா வகுப்பு வைத்தால் இது தீராது.

ஒருங்கிணைப்பாளரிடம் இந்தக் கடிதத்தையே காட்டுங்கள். வாரம் ஒரு மணி நேரம், டார்கெட் பேச்சே இல்லாமல், மனதில் கனக்கும் ஆட்களைப் பற்றிப் பேச இடம் கேளுங்கள். நீங்கள் பார்த்துவந்த ஒருவர் இறந்தால் இரண்டு நாள் விடுப்பு வேண்டும். இரவு போன் உங்கள் சொந்த எண்ணுக்கு வரவே கூடாது. அலுவலக எண் ஒன்றை எல்லோரும் முறைவைத்துப் பார்க்கட்டும். குடும்பங்களுக்கு 14416 சொல்லிக் கொடுங்கள். அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இரவிலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். கத்தி எடுத்தால் முதல் அழைப்பு போலீசுக்கு, 100. அந்த நேரத்தில் நீங்கள் தனியாக அங்கே போகவே வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டுக்கு வருவோம். அப்படி யாராவது கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து (மல்லாந்து கிடந்து வாந்தி எடுத்தால் மூச்சடைக்கும்) 108க்குச் சொல்லிவிட்டு, ஆம்புலன்ஸ் வந்ததும் உங்கள் பஸ்ஸைப் பிடியுங்கள். அதற்குமேல் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. அவர் மறுபடி குடித்ததை உங்கள் தோல்வியாக எழுதிக்கொள்ளாதீர்கள். சர்க்கரை நோய் மாதிரி, கட்டுக்குள் வந்தும் திரும்ப ஏறும் நோய் இது. அந்த ஏழு மாதம் அவர் பிள்ளைகள் பயமில்லாமல் சாப்பிட்டுத் தூங்கினார்களே, அதைப் பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுகிறீர்கள்? கட்டம் இல்லையென்றால் ஓரத்திலாவது எழுதுங்கள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அந்தப் பையனின் அம்மா மெழுகுவர்த்தி கொளுத்தப் போவார். நீங்களும் கூடப் போங்கள், பதிவேடு இல்லாமல். அழுகை வந்தால் வரட்டும்.

வேலையை விடுவதா வேண்டாமா என்று இப்போது முடிவெடுக்காதீர்கள். முதலில் பத்து நாள் விடுப்பு. அதன் பிறகும் தூக்கம் வராவிட்டாலோ, வாழ்வதே வேண்டாம் என்று ஒருமுறை தோன்றினாலோ, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். எத்தனை பேரைக் கூட்டிப்போயிருக்கிறீர்கள், உங்களுக்கும் ஒரு சீட்டு போடலாம்.

பஸ் ஸ்டாண்டில் கிடந்தவரைத் தேடி இந்த வாரம் நீங்கள் போக வேண்டாம். கூட வேலை செய்யும் ஒருவரை அனுப்பி, "அக்கா லீவில் இருக்கிறார், வந்ததும் பார்ப்பார்" என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா