மருந்து ஆலைக் கழிவுநீரில் உள்ள ஆன்டிபயாட்டிக்கை ஓசோன், ஃபென்டன் (இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ப்பது) போன்ற முறைகளால் முழுதாக நீக்க முடியுமா?

முடியும். ஆனால் எந்தத் தண்ணீரில், எந்த இடத்தில் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. கழிவுநீர்ச் சுத்திகரிப்புதான் என் வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹைதராபாத் பக்கத்தில் பட்டன்சேரு என்ற ஊரில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீர் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. அங்கிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடன் ஆய்வாளர்கள் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். சுத்திகரித்த பிறகும் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது! அந்த மாத்திரையைச் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. கிருமிகளுக்கு எதிர்ப்புத்திறன் வளராமல் இருக்க மருந்துத் துறையின் கூட்டமைப்பே ஏற்றுக்கொண்ட அளவு லிட்டருக்கு 0.06 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால் 5 லட்சம் மடங்கு. இந்த வகை மருந்தை உயிரியல் தொட்டியில் இருக்கும் பாக்டீரியாக்கள் எளிதில் சிதைப்பதில்லை. ஒரு பங்கு சேற்றில் ஒட்டிக்கொள்ளும், மீதி தண்ணீரோடு போய்விடும்.

சரி, ஓசோன், ஃபென்டன் எல்லாம் என்ன செய்கின்றன? ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற, மிக வேகமாக வினைபுரியும் துகளை உண்டாக்குகின்றன. நொடியில் மிகச் சிறு பங்கு நேரமே உயிரோடு இருக்கும், ஆனால் எதிரில் வரும் எந்தக் கரிமப் பொருளையும் தாக்கும். சிக்கலும் அங்கேதான். எல்லாக் கழிவும் கலந்த தண்ணீரில் மெத்தனால், குளோரைடு, பைகார்பனேட் எல்லாம் அதைத் தின்றுவிடும். சிஓடி (நீரில் உள்ள கரிமக் கழிவின் அளவுகோல்) ஆயிரக்கணக்கில் நிற்கும் நீரில் சில மில்லிகிராம் மருந்தைத் தேடி பெராக்சைடு ஊற்றுவது காசைக் கரைப்பதுதான்.

அதனால் நான் சொல்வது எப்போதும் ஒன்றே: கலப்பதற்கு முன்னால் பிடியுங்கள். மதர் லிக்கரையும் (மருந்துப் படிகத்தைப் பிரித்தபின் மிஞ்சும் திரவம்), ரியாக்டர் எனும் வினைக்கலனைக் கழுவிய முதல் தண்ணீரையும் தனிக் குழாயில் எடுங்கள். கரைப்பானை முதலில் வடித்து மீட்டுவிடுங்கள். பென்சிலின் வகை என்றால் காஸ்டிக் சோடா போட்டு பிஎச்சை ஏற்றினாலே, அதாவது காரமாக்கினாலே, மருந்து வேலை செய்யக் காரணமான வளையம் உடைந்துவிடும், ஓசோனே வேண்டாம். சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவற்றுக்கு பிஎச்சை 3க்கு இறக்கி ஃபென்டன் செய்யலாம். அமிலச் செலவும் இரும்புச் சேறும் உண்டு, ஆனால் அளவு சிறிது என்பதால் தாங்கும். உயிரியல் தொட்டிக்குப் பிறகு மிச்சத்துக்கு ஓசோன்.

அப்புறம், சோதனை. எச்பிஎல்சி என்ற, நீரில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவியின் வரைபடத்தில் மருந்தின் உச்சி மறைந்துவிட்டது என்று பல இடங்களில் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இது ஆத்திரமூட்டும் விஷயம். சிப்ரோஃப்ளாக்சசினில் பெரும்பாலும் முதலில் உடைவது அதன் மூலக்கூறின் ஓரத்தில் இருக்கும் பைப்பரசின் வளையம். கிருமியைக் கொல்லும் குயினலோன் மையம் அப்படியே நிற்கலாம். ஆகவே ஈ.கோலை பாக்டீரியா வளர்க்கும் தட்டில் அந்த நீரை வைத்துப் பாருங்கள், பாக்டீரியா வளர்கிறதா என்று. வளரவில்லை என்றால் மருந்தின் வீரியம் இன்னும் இருக்கலாம். அதற்கு முன் மிஞ்சிய பெராக்சைடை நீக்கிவிடுங்கள். அதுவும் பாக்டீரியாவைக் கொல்லும், சிஓடி அளவையும் ஏற்றிக் காட்டும்.

இந்தியாவில் 2020 ஜனவரி வரைவு விதியில் ஆன்டிபயாட்டிக் வரம்புகள் இருந்தன. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிப்பில் அவற்றைக் காணோம். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது, நாம் இன்னும் சிஓடியையே பார்த்துக்கொண்டிருப்பது சரியில்லை.

"எங்களிடம் ஜீரோ டிஸ்சார்ஜ் (கழிவுநீரை வெளியே விடாத அமைப்பு) இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். அதில் இருக்கும் ஆர்ஓ சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கியும் மருந்தைப் பிரிக்குமே தவிர, அழிப்பதற்காக வந்தவை அல்ல. கடைசியில் மிஞ்சும் உப்பையும் சேற்றையும் ஒருமுறை சோதித்துவிட்டு அதைச் சொல்லுங்கள்.