நேச்சுரோபதி டொக்டரின் கம்பனியில் கணவருக்குப் பாதிப் பங்கு கொடுக்கலாமா?

கேள்வி: கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் ஐந்து வருடமாக நேச்சுரோபதி (இயற்கை வைத்திய) டொக்டராக வேலை செய்கிறேன். கணவர் பதிவுபெற்ற மசாஜ் தெரபிஸ்ட். இருவரும் ஒரே கிளினிக்கில்தான் இருக்கிறோம். எங்கள் கணக்காளர் ஒரு நம்பர் கம்பனி (பெயருக்குப் பதில் பதிவு இலக்கம் உள்ள கம்பனி) பதிந்து, ஆளுக்குப் பாதிப் பங்கு என்று எழுதிவிட்டார். இனி என் வருமானம் முழுவதையும் அதில் போடச் சொல்கிறார். பல் டொக்டரான என் மச்சாள் தன் கணவருக்கும் பங்கு கொடுத்திருக்கிறாள். எங்களுக்கும் அது சரிவருமா?

பதில்: சரிவராது, தங்கச்சி. ஒரு டொலர்கூட அந்தக் கம்பனிக்குள் போகுமுன் எழுதியது நல்லதாகப் போயிற்று.

ஒன்ராறியோவில் 2015 யூலை 1 முதல் நேச்சுரோபதி சட்டப்படி ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில். அந்தத் தொழிலுக்கான கம்பனிக்குப் புரொபெஷனல் கோர்ப்பரேஷன் என்று பெயர், அதற்குக் கொலிஜ் ஒஃப் நேச்சுரோபத்ஸ் அனுமதிச் சான்றிதழ் தர வேண்டும். கொலிஜ் என்றால் படிக்கும் இடமல்ல, அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு. கணக்காளர் பதிந்தது வெறும் வியாபாரக் கம்பனி. புரொபெஷனல் கோர்ப்பரேஷனுக்கு நம்பர் பெயர் இருக்கக் கூடாது என்று மாகாணக் கம்பனிச் சட்டமே சொல்கிறது, ஆகவே முதல் படியிலேயே அது நின்றுவிடும்.

பெரிய தடை பங்குதான். எல்லாப் பங்குகளும் அதே தொழிலைச் செய்யும் கொலிஜ் உறுப்பினர்களுக்கே சொந்தமாக இருக்க வேண்டும். உங்கள் கணவருக்கும் லைசென்ஸ் உண்டு, ஆனால் அவருடைய கொலிஜ் வேறு, தொழில் வேறு, அதனால் இந்த விதிக்கு முன்னால் அவரும் ஒரு கடைக்காரரும் ஒன்றுதான். டைரக்டர்களும் அதிகாரிகளும் பங்குதாரர்களாக இருக்க வேண்டும் என்பதால் செயலாளர், பொருளாளர் பதவியும் அவருக்குக் கிடையாது. சம்பளத்துக்கு மனேஜராக வைத்திருக்கலாம், செய்யும் வேலைக்கு நியாயமான சம்பளமாக இருந்தால் வரியிலும் பிரச்சினை வராது.

மச்சாளின் கதை வேறு. மருத்துவ டொக்டர்களுக்கும் பல் டொக்டர்களுக்கும் மட்டும் 2006 முதல் தனி விலக்கு உண்டு, குடும்பத்தினருக்கு வாக்குரிமை இல்லாத பங்கு கொடுக்கலாம். நேச்சுரோபதிக்கு அது இல்லை. அநியாயமாகத் தோன்றலாம், எனக்கும் தோன்றுகிறது, ஆனால் கிளினிக்கை அந்த வருத்தத்தின் மேல் கட்ட முடியாது. தவிர, வரியைக் குறைக்க வருமானத்தைக் குடும்பத்தினருக்குள் பிரிக்கும் விதிகளை 2018இல் மத்திய அரசு இறுக்கிய பிறகு அந்த விலக்கால் வரும் லாபமும் முன்போல் இல்லை.

“பங்கு என் பேரில் இருக்கட்டும், உள்ளுக்குள் அவருக்குப் பாதி என்று ஒரு கடுதாசி எழுதி வைப்போம்” என்று யாராவது சொல்லுவார்கள். செய்யாதீர்கள். காகிதத்திலும் உண்மையிலும் உறுப்பினரே உரிமையாளராக இருக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் வாசகம், பினாமிக்கு இடமே இல்லை. பங்கின் வாக்குரிமையை வெளியாளுக்குக் கொடுக்கும் ஒப்பந்தமும் செல்லாது.

அந்த நம்பர் கம்பனியைக் கலைக்க வேண்டாம். அதில் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை, அதை நிர்வாகக் கம்பனியாக வைத்துக்கொள்ளுங்கள். கணவரின் பாதிப் பங்கு அப்படியே இருக்கலாம். கடை வாடகை, சாமான்கள், சப்ளிமென்ட் விற்பனை எல்லாம் அதன் பேரில் போகட்டும். உங்கள் சிகிச்சைக் கட்டணத்துக்கு மட்டும் உங்களுடைய தனிப் புரொபெஷனல் கோர்ப்பரேஷன். நிர்வாகக் கம்பனி செய்யும் வேலைக்கு அது நியாயமான கட்டணம் கொடுக்கும்.

இதில் எல்லோரும் தவறவிடும் ஒரு கணக்கு உண்டு. 2014 பெப்ரவரியிலிருந்து நேச்சுரோபதி டொக்டரின் சேவைக்கு எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரி கிடையாது. நல்லதுதான், ஆனால் நீங்கள் வரி வாங்காததால், கட்டிய வரியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. நிர்வாகக் கம்பனி மாதம் 6,000 டொலர் பில் போட்டால் அதன் மேல் 13 வீதம், அதாவது 780 டொலர், உங்கள் கையிலிருந்து போய்விடும். அந்தப் பில்லில் அடங்கும் வரவேற்பாளரை உங்கள் கோர்ப்பரேஷனே நேராகச் சம்பளத்துக்கு வைத்தால் சம்பளத்துக்கு எச்.எஸ்.ரி. இல்லை. ஆகவே எதை அந்தப் பக்கம் போடுவது, எதை இந்தப் பக்கம் வைப்பது என்று ஒரு மாலை உட்கார்ந்து கணக்கிடுங்கள். சப்ளிமென்டுக்கும் கணவரின் மசாஜுக்கும் வரி உண்டு, அதனால் உங்கள் சிகிச்சையையும் சேர்த்து மூன்றையும் ஒரே கார்ட் மெஷினில் அடித்து ஒரே கணக்கில் கலந்தால் பிறகு பிரிப்பது பெரும்பாடு. மசாஜ் வருமானத்துக்கு அவர் தன்னுடைய கொலிஜ் வழியாகத் தனிக் கோர்ப்பரேஷன் வைக்கலாம். சப்ளிமென்ட் விற்கும் கம்பனியில் உங்களுக்குப் பங்கு உண்டு, வேறு கடையிலும் வாங்கலாம் என்று நோயாளியிடம் சொல்லி, கோப்பிலும் எழுதி வையுங்கள்.

வரி லாபம் எவ்வளவு என்றால், 2024 கணக்கில் சிறு வியாபாரக் கம்பனிக்கான வருமான வரி ஒன்ராறியோவில் 12.2 வீதம், முதல் 500,000 டொலர் வரை. ஆனால் அந்த வரம்பு உங்கள் இரண்டு கம்பனிக்கும் சேர்த்து ஒன்றுதான். கம்பனிக்குள் பணத்தை விட்டுவைத்தால்தான் லாபம், மாதாமாதம் எல்லாவற்றையும் வீட்டுச் செலவுக்கு எடுத்தால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. நிர்வாகக் கம்பனியிலிருந்து கணவர் டிவிடென்ட் எடுப்பதாக இருந்தால், முன்னே சொன்ன 2018 விதிகளுக்காக அவர் அந்த வியாபாரத்தில் வாரம் சராசரி 20 மணி நேரமாவது வேலை செய்ததற்குப் பதிவு வைத்திருக்கட்டும். காலண்டரில் குறித்தாலும் போதும், ஆனால் அன்றன்றே குறிக்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். கோர்ப்பரேஷன் பெயரில் கொலிஜ் பதிவேட்டில் உள்ளபடியே உங்கள் குடும்பப் பெயர் வர வேண்டும், தொழிலின் பெயரும் ‘புரொபெஷனல் கோர்ப்பரேஷன்’ என்பதும் வர வேண்டும். பதிவேட்டில் அப்பாவின் பெயர், பாஸ்போர்ட்டில் கணவரின் பெயர், விண்ணப்பத்தில் வேறு எழுத்துக்கூட்டல் என்றிருந்தால் முதலில் பதிவேட்டைச் சரிசெய்யுங்கள். கம்பனிப் பெயரில் ‘ஆரோக்கியம்’, ‘அமுதம்’ போன்ற அழகுப் பெயர்களுக்கு இடமில்லை.

கம்பனி வந்தால் வழக்கு வராது என்றும் நினைக்க வேண்டாம். சிகிச்சையில் தவறு என்று நோயாளி வழக்குப் போட்டால் நீங்கள் நேரடியாகவே பொறுப்பு, கம்பனி இருப்பதால் அது குறையாது. தொழில் காப்புறுதியை ஒரு நாளும் விடாதீர்கள். வாடகை போன்ற வியாபாரக் கடனில் கம்பனி காப்பாற்றும், ஆனால் கடைச் சொந்தக்காரர் தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்து கேட்டு நீங்களும் போட்டிருந்தால் அதுவும் இல்லை. உங்கள் குத்தகைப் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

கொலிஜின் சான்றிதழ் கைக்கு வரும்வரை நோயாளிகளுக்கு உங்கள் சொந்தப் பேரிலேயே ரசீது கொடுங்கள், காசும் உங்கள் சொந்தக் கணக்கிலேயே விழட்டும்.